விண்ணப்பம் போட்டாச்சு, பதிலே இல்லை. கேட்கலாமா, கேட்டால் யாரிடம், எப்படி?

காத்திருப்போர்பட்டியல்

வணக்கம். டேட்டா அனலிஸ்ட் வேலை ஒன்றுக்கு அந்த நிறுவனத்தின் போர்ட்டல் வழியாக விண்ணப்பம் போட்டிருக்கிறேன். போட்ட அடுத்த நிமிஷமே 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி' என்று ஒரு மெயில் வந்தது, அதோடு சரி. சில வாரங்கள் ஓடிவிட்டன. போர்ட்டலில் நுழைந்து பார்த்தால் 'பரிசீலனையில்' என்று காட்டுகிறது, முதல் நாளும் அதையேதான் காட்டியது. விளம்பரமும் இன்னும் அப்படியே இருக்கிறது. அவர்கள் கேட்டிருப்பதில் முக்கால்வாசி நான் இப்போது தினமும் செய்துகொண்டிருக்கும் வேலைதான், அதனால் விட மனசு வரவில்லை. மெயில் போட்டுக் கேட்கலாமா, இல்லை கேட்டால் நச்சரிக்கிற ஆள் என்று ஓரம் கட்டிவிடுவார்களா? லிங்க்ட்இனில் தேடினால் அந்த நிறுவனத்தில் எச்ஆர் என்று ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், இவர்களில் யாருக்கு எழுதுவது என்றும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்பேச்சு

கேட்காதீங்க. வேண்டும் என்றால் அவர்களே கூப்பிடுவார்கள், வேண்டாம் என்றால் நீங்கள் பத்து மெயில் போட்டாலும் கூப்பிட மாட்டார்கள். அந்த நேரத்துக்கு இன்னும் இரண்டு இடத்தில் விண்ணப்பம் போடலாம்.

கோப்புக்கட்டு

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருப்பவள், நிறுவனங்கள் மாறியிருக்கின்றன, வேலை அதேதான். நேர்பேச்சு சொல்வதில் பாதி சரி. ஃபாலோஅப் மெயில் போட்டதால் மட்டும் பொருத்தமில்லாத ஒருவருக்கு வேலை கிடைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் பொருத்தமான ஒருவருடைய விண்ணப்பம் குவியலுக்கு அடியில் கிடந்து, ஒரு மெயில் வந்ததால் அதைத் தேடி எடுத்துப் பார்த்தது பலமுறை நடந்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் புரியும். ஒரு ரெக்ரூட்டர் கையில் ஒரே நேரத்தில் பல பணியிடங்கள் இருக்கும். கொஞ்சம் பெயர் தெரிந்த நிறுவனம் என்றால் ஒரு விளம்பரத்துக்கு முதல் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவிந்துவிடும். மேலிருந்து படித்துக்கொண்டே வருவோம், பேசிப் பார்க்கலாம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் தேறியதும் படிப்பதை நிறுத்திவிட்டு அவர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவோம். அவர்கள் யாரும் சரிப்படவில்லை என்றால்தான் மறுபடி குவியலுக்கு வருவோம். மீதி அத்தனை பேருக்கும் போர்ட்டல் 'பரிசீலனையில்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். யாரோ உட்கார்ந்து பரிசீலிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கோப்பை இன்னும் யாரும் மூடவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வொர்க்டே, கிரீன்ஹவுஸ் மாதிரி மென்பொருளில் அந்த நிலைக்கு என்ன பெயர் வைப்பது, எப்போது மாற்றுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்துகொள்கிறது. அதனால் ஒரு இடத்தில் பார்த்த வார்த்தையை வைத்து இன்னொரு இடத்துக்கு ஜோசியம் சொல்ல முடியாது.

விளம்பரம் இன்னும் இருப்பதும் அப்படித்தான். ஆள் எடுத்து முடித்த பிறகும் எடுக்க மறந்து கிடக்கும் விளம்பரங்கள் உண்டு, ஆள் எடுக்காமலே கெடு முடிந்து தானாக இறங்கிவிடும் விளம்பரங்களும் உண்டு.

சரி, யாரிடம் கேட்பது. முதலில் விளம்பரத்திலேயே ஒரு பெயரோ மெயிலோ கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவர்தான். இல்லையென்றால் லிங்க்ட்இனில் அந்த வேலையைப் பதிவிட்டவர் யார் என்று சில சமயம் விளம்பரத்தோடு சேர்ந்தே காட்டும். அதுவும் இல்லையென்றால் அந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர், அவரும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குழுவின் மேனேஜர். ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள். ஏழெட்டுப் பேருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிட்டால் நாங்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள், 'உனக்கும் வந்ததா' என்று கேட்டுவிட்டு அடுத்தவர் பதில் போடுவார் என்று ஆளுக்கொருவராக விட்டுவிடுவோம். அந்த 'விண்ணப்பம் கிடைத்தது' மெயிலுக்கு ரிப்ளை போடுவதில் பயனில்லை, பெரும்பாலும் அந்த முகவரியை யாரும் திறப்பதே இல்லை.

எப்போது என்றால், கடைசி தேதி கொடுத்திருந்தால் அது முடிந்து ஒரு வாரம் கழித்து. கொடுக்கவில்லை என்றால் விண்ணப்பித்து ஒன்றிலிருந்து இரண்டு வாரம். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது, தாராளமாகக் கேட்கலாம்.

கம்பிவடம்

கேட்டு என்ன ஆகப்போகிறது, விண்ணப்பங்களை வாங்கி வடிகட்டும் ஏடிஎஸ் மென்பொருளே அவருடைய ரெஸ்யூமேயைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கும். மனுஷக் கண்ணுக்கே போயிருக்காது.

கோப்புக்கட்டு

கம்பிவடம், இது எல்லோரும் சொல்கிற கதை, நான் பார்த்த வரையில் அப்படி இல்லை. தானாகத் தள்ளுவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் கேள்விகளை வைத்துத்தான்: அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, குறிப்பிட்ட உரிமம் இருக்கிறதா, இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறதா, இந்த மாதிரி. அதில் 'இல்லை' என்று போட்டால் சீக்கிரமே மறுப்பு மெயில் வந்துவிடும். சில இடங்களில் மென்பொருள் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும், அப்போது கீழே போய்விட வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் கேட்கச் சொல்கிறேன்.

காத்திருப்போர்பட்டியல்

விவரமாகச் சொன்னதற்கு நன்றி மேடம். ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். உண்மையில் ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறேன், இங்கே தமிழில் தருகிறேன்.

'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களின் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட் பணிக்கு விண்ணப்பித்துச் சில வாரங்கள் ஆகியும் இதுவரை எந்தப் பதிலும் வரவில்லை. சிறுவயதிலிருந்தே தரவுகளின் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. கடின உழைப்பாளியான நான் குழுவாகவும் தனியாகவும் பணியாற்றக்கூடியவன். இந்த வாய்ப்பு கிடைத்தால் என் முழுத் திறமையையும் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அர்ப்பணிப்பேன். தயவுகூர்ந்து என் விண்ணப்பத்தைக் கனிவோடு பரிசீலித்து விரைவில் நல்ல பதில் தருமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

சிவப்புமை

தப்பா நினைக்காதீங்க, இது தாசில்தாருக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. மரியாதை வேண்டும்தான், ஆனால் படிப்பவருக்கு இதில் உங்களைப் பற்றி ஒரு புது விஷயம்கூடக் கிடைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எந்த வேலைக்கும் அனுப்பக்கூடிய மெயில் இது. போதாததற்கு 'இதுவரை எந்தப் பதிலும் வரவில்லை' என்ற வரி மட்டும் இத்தனை பணிவுக்கு நடுவில் குத்துகிறது. சிறுவயதிலிருந்தே தரவுகள் மீது ஆர்வம் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள், எடுத்துவிடுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

பொருள் வரி: டேட்டா அனலிஸ்ட் விண்ணப்பம், பணி எண் இன்னது, உங்கள் பெயர்.

'வணக்கம். மேற்கண்ட பணிக்கு இன்ன தேதியில் உங்கள் போர்ட்டல் வழியாக விண்ணப்பித்திருந்தேன். விற்பனை அறிக்கைகளைத் தானியங்கியாக்க ஆள் தேவை என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தீர்கள். இப்போதைய வேலையில் எங்கள் வாராந்திர விற்பனை அறிக்கையை எஸ்க்யூஎல், பைத்தான் கொண்டு கை படாமல் வெளிவரும்படி அமைத்திருக்கிறேன். இந்தப் பணிக்கான தேர்வு இன்னும் நடக்கிறதா, என் தரப்பிலிருந்து வேறு ஏதாவது தேவைப்படுகிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். நன்றி.'

கீழே பெயர், போன் நம்பர். முடிந்தது. போனில் திறந்தால் விரலால் தள்ளாமலே முழுசும் தெரிய வேண்டும். அந்த நடு வரிதான் முக்கியம், விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருக்கும் ஒரு தேவையை எடுத்து அதற்கு நேராக நீங்கள் செய்த ஒரு வேலையை வைக்கிறீர்கள். கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள், 'ஆமாம், நடக்கிறது' என்று இரண்டு வார்த்தையில் அவர் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். 'என் விண்ணப்பம் என்ன ஆயிற்று' என்று கேட்டால் அவர் எழுந்து போய் யாரையாவது விசாரித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும், அந்த மெயில் 'அப்புறம் பார்க்கலாம்' பட்டியலுக்குப் போய்விடும், அங்கிருந்து எதுவும் திரும்பி வராது.

பணி எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒரே பெயரில் நாலு டேட்டா அனலிஸ்ட் விளம்பரம் ஓடும் இடங்கள் இருக்கின்றன.

கம்பிவடம்

ரெஸ்யூமேயைத் திரும்ப இணைக்க வேண்டுமா?

சிவப்புமை

நான் இணைக்கச் சொல்வேன். பிடிஎஃப் கையோடு இருந்தால் அவர் போர்ட்டலுக்குப் போய்த் தேட வேண்டியதில்லை.

கோப்புக்கட்டு

நான் வேண்டாம் என்பேன். முன்பின் தெரியாத முகவரியிலிருந்து முதல் மெயிலே இணைப்போடு வந்தால் சில அலுவலகங்களின் வடிகட்டி அதைத் தனியே பிடித்து வைத்துவிடும். பணி எண்ணும் பெயரும் இருந்தால் எனக்குத் தேடி எடுக்க அரை நிமிஷம் போதும். இதில் இரண்டு பக்கமும் ஆள் உண்டு, சண்டை வேண்டாம்.

நீலக்குறி

எனக்கு வேறு மாதிரி எரிச்சல். மெயிலைத் திறந்தார்களா இல்லையா என்று காட்டும் பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்றைப் போட்டிருக்கிறேன். நான் அனுப்பிய ஃபாலோஅப்பை அந்த ரெக்ரூட்டர் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறார் என்று காட்டுகிறது, ஆனால் ஒரு வரி பதில் இல்லை. 'நீங்கள் என் மெயிலைப் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும்' என்று எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பிவடம்

இது நம்ம ஏரியா, சொல்கிறேன். அந்த நீட்சி செய்வது என்னவென்றால் மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைக்கிறது, அந்தப் படம் தரவிறங்கினால் 'திறந்துவிட்டார்' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. ஜிமெயில் 2013-லிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாகத்தான் கொண்டுவந்து காட்டுகிறது. ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-ஓடு கொண்டுவந்த மெயில் பாதுகாப்பு வசதி இன்னும் ஒரு படி மேலே போய், பெறுபவர் மெயிலைத் திறக்காவிட்டாலும் பின்னணியில் படங்களை இறக்கி வைத்துவிடும். இது போக அலுவலகங்களில் உள்ளே வரும் மெயிலைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருளும் மெயிலைப் பிரித்துப் பார்க்கும். ஆக உங்கள் மெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்தது ஏதோ ஒரு சர்வராகக்கூட இருக்கலாம், அந்த ரெக்ரூட்டர் விடுப்பில் இருக்கலாம். இன்னொன்று, சில மெயில் செயலிகள் 'இந்த மெயிலில் உளவுப்படம் இருக்கிறது' என்று பெறுபவருக்கே போட்டுக்கொடுத்துவிடும். அதைப் பார்த்தால் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்? நீட்சியைக் கழற்றிவிடுங்கள்.

நேர்பேச்சு

உண்மையிலேயே அவர் திறந்து பார்த்திருந்தாலும் அந்த வரியை எழுதக் கூடாது. வேலை கேட்கிறோமா, துப்பறிகிறோமா?

ஸ்பேனர்

எல்லோரும் ஆபீஸ் வேலையை வைத்தே பேசுகிறீர்கள். வொர்க்‌ஷாப், சின்ன கிளினிக், மழலையர் பள்ளி, நாலு பேர் இருக்கும் அச்சகம், இங்கெல்லாம் போர்ட்டலும் கிடையாது ஏடிஎஸ்ஸும் கிடையாது. முதலாளியே மெயில் பார்ப்பவர், அதையும் வாரத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார். அங்கே போன்தான் சரி, நேரில் போனாலும் தப்பில்லை, கூட்டம் இல்லாத வேளையாகப் பார்த்துப் போக வேண்டும். போனில் அரை நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள்: 'வணக்கம், இன்ன வேலைக்கு விண்ணப்பம் கொடுத்த இன்னார் பேசுகிறேன், ஆள் எடுத்தாச்சா, இல்லை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளக் கூப்பிட்டேன்.' அவர் 'இன்னும் பார்க்கவில்லை' என்றால் 'சரிங்க, ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டவும் தயார்' என்று சொல்லிவிட்டு வையுங்கள். எங்கள் மாதிரி இடங்களில் இப்படிக் கூப்பிட்டவனுக்குத்தான் வேலை.

கோப்புக்கட்டு

ஸ்பேனர் சொல்வது சரி, நான் சொன்னது எல்லாம் கொஞ்சம் பெரிய இடங்களுக்கு. இதற்கு நேரெதிர் அரசு வேலையும் பல பல்கலைக்கழக வேலைகளும். அங்கே அறிவிப்பிலேயே எந்த வழியில் தொடர்புகொள்ளலாம் என்று எழுதியிருப்பார்கள், சிபாரிசு தேடினால் தகுதியிழப்பு என்றும் சில அறிவிப்புகளில் இருக்கும். அதிகாரியின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுவது அங்கே உங்களுக்கே வினை. அறிவிப்பில் சொன்ன உதவி எண், பதிவு எண், இணையதளம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம்சுற்று

என் கதை வேறு. எல்லாச் சுற்றும் முடிந்துவிட்டது, கடைசி இன்டர்வியூவில் டைரக்டரே 'அடுத்த வாரம் சொல்லிவிடுவோம்' என்றார், சம்பளம்கூடக் கேட்டார்கள். அடுத்த வாரமும் போய்விட்டது. இப்போது நான் கேட்டால் அவசரப்படுகிறேன் என்று ஆகாதா?

கோப்புக்கட்டு

ஆகாது. விண்ணப்பம் மட்டும் போட்டவருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், தேதியும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாள் விட்டுக் கேட்பதுதான் முறை. தேதியே சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்திலிருந்து ஏழு வேலை நாள் விட்டுக் கேட்கலாம். இனிமேல் எந்த இன்டர்வியூவிலும் எழுந்து வருவதற்கு முன் 'முடிவு எப்போது தெரியும், அதுவரை நான் யாரைத் தொடர்புகொள்வது' என்று அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் இந்தக் குழப்பம் பாதி இருக்காது.

அமைதி ஏன் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்தான் ராத்திரி தூங்காமல் தன்னையே நொந்துகொள்கிறார்கள். சம்பளத்துக்கு மேலிடத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும், கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருக்க மாட்டார். பட்ஜெட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள், அதை வெளியே சொல்ல எங்களுக்கு அனுமதி இருக்காது. உள்ளே இருக்கும் ஒருவர் கடைசி நேரத்தில் அந்த இடத்தைக் கேட்டிருப்பார். எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது இது: முதலாவதாக வந்தவருக்கு ஆஃபர் கொடுத்திருப்போம், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். அவர் கையெழுத்துப் போடும்வரை இரண்டாவதாக வந்தவரிடம் 'இல்லை' என்றும் சொல்ல முடியாது, 'ஆமாம்' என்றும் சொல்ல முடியாது, 'நீங்கள் இரண்டாவது' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் வாயை மூடிக்கொண்டிருப்போம். முறையா என்று கேட்டால் முறையில்லை, ஆனால் நடக்கிறது. முதலாமவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் அன்றைக்கே உங்களுக்குப் போன் வரும்.

இன்டர்வியூவுக்கு உங்களைக் கூப்பிட்ட அதே மெயில் இழையில் ரிப்ளை போடுங்கள், புது மெயில் வேண்டாம். பழைய உரையாடல் கீழேயே இருப்பதால் நீங்கள் யார் என்று விளக்க வேண்டியதில்லை. 'முடிவு இந்த வாரத்தில் தெரியலாம் என்று சொல்லியிருந்தீர்கள், கால அட்டவணையில் மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எழுதுகிறேன், இந்தப் பணியில் எனக்கு இன்னும் அதே ஆர்வம் இருக்கிறது' என்ற அளவு போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம்.

இருதலை

இடையில் புகுந்து கேட்கிறேன். எனக்கு இன்னொரு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டது, ஆனால் மனசு முதல் இடத்தில். இரண்டாவது இடத்துக்காரர்கள் கெடு வைத்திருக்கிறார்கள். முதல் இடத்தில் சொன்னால் மிரட்டுகிற மாதிரி ஆகுமா?

கோப்புக்கட்டு

உடனே சொல்லுங்கள், போன் பண்ணிக்கூடச் சொல்லலாம், அவசரம் என்று போட்டு ஒருவர் மெயில் அனுப்ப உண்மையான காரணம் இது ஒன்றுதான். 'வேறொரு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், என் முதல் விருப்பம் உங்கள் நிறுவனம், அதற்குள் உங்கள் முடிவு தெரிய வாய்ப்பிருக்கிறதா' என்று கேளுங்கள். இந்த மெயிலை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் 'இன்றைக்கு முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் ஆள் போய்விடுவார்' என்று சொல்ல எங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் இல்லாத ஆஃபரை இருக்கிறது என்று சொல்லாதீர்கள். 'அப்படியானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்' என்று பதில் வந்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

சிவப்புமை

இன்டர்வியூ முடிந்த ஒரு நாளுக்குள் நன்றி மெயில் போடுவது பற்றி யாரும் பேசவில்லையே. அதைப் போட்டிருந்தால் பின்னால் கேட்பது சுலபம், புது ஆளாகக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. இன்டர்வியூவில் பேசிய ஒரு விஷயத்தைத் தொட்டு இரண்டு மூன்று வரி. வெறும் 'நேரம் ஒதுக்கியதற்கு நன்றி' என்றால் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

தொலைதூரம்

மூன்றாம்சுற்றுக்கு ஒரு தகவல். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூ நடந்து 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். விளம்பரத்திலேயே இப்போது உண்மையில் காலி இடம் இருக்கிறதா என்றும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் மட்டும் போட்டவர்களுக்கு அந்த 45 நாள் கிடையாது, இன்டர்வியூவுக்குப் போனவர்களுக்குத்தான்.

நேர்பேச்சு

45 நாள் காத்திருந்தால் அதற்குள் நான் வேறு வேலையில் சேர்ந்து முதல் சம்பளமே வாங்கிவிடுவேன். ஆனாலும் நல்ல சட்டம். எல்லா இடத்திலும் வரட்டும்.

நீலக்குறி

நீட்சியைக் கழற்றிவிட்டேன், நன்றி கம்பிவடம். இன்னொரு கேள்வி. எனக்கு வேறொரு வேலைக்கு ஒரு கன்சல்டன்சி வழியாகப் பேச்சு நடக்கிறது, அவர்கள் எல்லாவற்றையும் வாட்ஸாப்பில்தான் பேசுகிறார்கள். இப்போது அங்கேயும் சத்தமில்லை. நேராக அந்த நிறுவனத்துக்கே எழுதிவிடலாமா?

கோப்புக்கட்டு

எழுதாதீர்கள். கன்சல்டன்சி உங்களை அனுப்பியிருந்தால் நிறுவனம் உங்களை அவர்கள் மூலம் வந்தவர் என்றுதான் பதிவு செய்திருக்கும். நீங்கள் சேர்ந்தால் அவர்களுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். நீங்கள் குறுக்கே நேராகப் போனால் யாருக்குக் கட்டணம் என்று தகராறு வரும், அந்தத் தலைவலிக்குப் பயந்தே உங்களை விட்டுவிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. கன்சல்டன்சிக்காரருக்குப் பெரும்பாலும் ஆள் சேர்ந்தால்தான் காசு, அதனால் நல்ல செய்தி வந்திருந்தால் உங்களைவிட அவர்தான் அவசரமாக ஓடி வருவார். அவரிடமே 'நிறுவனத்திலிருந்து ஏதாவது சொன்னார்களா' என்று கேளுங்கள். வாட்ஸாப்பில் பேசுபவரிடம் வாட்ஸாப்பிலேயே கேட்கலாம், வேலை நேரத்தில், எழுத்தில். வாய்ஸ் நோட் வேண்டாம், அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

ஸ்பேனர்

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் வராமல் தவித்துக்கொண்டிருக்கும்போதுதான் 'உங்கள் ஃபைல் என் கையில் இருக்கிறது, ஒரு சின்னக் கட்டணம் கட்டினால் நகர்த்திவிடுகிறேன்' என்று ஒருவன் வருவான். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் அவன் வேலை தருபவன் இல்லை, போனை வைத்துவிடுங்கள்.

காத்திருப்போர்பட்டியல்

சிவப்புமை எழுதித் தந்ததைக் கொஞ்சம் மாற்றி, வேலையைப் பதிவிட்டவர் என்று லிங்க்ட்இனில் காட்டியவருக்கு அனுப்பினேன். பதில் வந்துவிட்டது! 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், உங்கள் விவரத்தை மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறேன்' என்று ஒரே வரி. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? அந்த மேனேஜரையும் லிங்க்ட்இனில் கண்டுபிடித்துவிட்டேன்...

நேர்பேச்சு

ஒன்றும் செய்ய வேண்டாம். நன்றி சொல்லி ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்தைப் பாருங்கள்.

கோப்புக்கட்டு

இந்த முறை நேர்பேச்சு முழுசும் சரி. மேனேஜருக்குத் தனியாக எழுதினால் 'நான் அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னதை நம்பவில்லையா' என்று ரெக்ரூட்டர் நினைப்பார், நாளைக்கு உங்களுக்காக இன்னொரு முறை பேச வேண்டியவர் அவர்தான். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வேலை செய்தால் அவரிடம் ஒருமுறை விசாரிக்கச் சொல்லலாம், அதுவும் ஒருமுறைதான். இரண்டு வாரம் கழித்தும் சத்தமில்லையென்றால் இதே இழையில் ஒரு வரி கேளுங்கள்.

இருதலை

சனி, ஞாயிறு மெயில் அனுப்பக் கூடாது, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

சிவப்புமை

நாள் நட்சத்திரம் எல்லாம் பார்க்க வேண்டாம். ராத்திரி எழுதி முடித்தால் அப்போதே அனுப்பாமல் காலைக்கு நேரம் குறித்து வைத்துவிடுங்கள், ஜிமெயிலில் அந்த வசதி 2019-லிருந்தே இருக்கிறது. காலையில் போவதற்கு முன் மறுபடி ஒருமுறை படிக்கலாம் என்பதுதான் இதில் நிஜமான லாபம். ராத்திரியில் எழுதியதில் எப்படியும் ஒரு கோபமான வரி இருக்கும். வேறு நாட்டு நிறுவனம் என்றால் அவர்களுடைய காலை எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்சுற்று

எனக்கு முடிவு வந்துவிட்டது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். காரணம் எதுவும் இல்லை, 'எதிர்கால வாய்ப்புகளுக்கு உங்கள் விவரங்களை வைத்திருப்போம்' என்ற வழக்கமான வரி மட்டும். இதற்குப் பதில் போட வேண்டுமா? எங்கே தவறினேன் என்று கேட்கலாமா?

கோப்புக்கட்டு

வருத்தமாக இருக்கிறது, கடைசிச் சுற்று வரை போய்த் திரும்புவது கஷ்டம்தான். பதில் போடுங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போடுங்கள். 'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்டால் பல நிறுவனங்களில் பதில் சொல்லக் கூடாது என்றே விதி இருக்கும், சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வழக்கு வருமோ என்ற பயம்தான். அதற்குப் பதிலாகக் குறிப்பாக ஒன்று கேளுங்கள், 'இதே மாதிரிப் பணிக்கு அடுத்த முறை வருவதானால் எந்தத் திறமையை வளர்த்துக்கொண்டு வரட்டும்' என்று. சிலர் சொல்வார்கள். அப்புறம் 'நிலைமை மாறினாலோ வேறு இடம் வந்தாலோ எனக்கு இன்னும் விருப்பம் உண்டு' என்று எழுதிவிடுங்கள். சேர்கிறேன் என்று சொன்னவர் முதல் நாளுக்கு முன்பே வேறு இடத்துக்குப் போய்விடுவது நடக்காத விஷயம் இல்லை, அப்போது மறுபடி விளம்பரம் கொடுத்து ஆரம்பத்திலிருந்து வருவதைவிட ஏற்கெனவே பேசிப் பிடித்துப்போன ஒருவருக்குப் போன் போடுவது எங்களுக்குச் சுலபம்.

மூன்றாம்சுற்று

சரிங்க மேடம், நாளைக்கு எழுதுகிறேன். கொஞ்ச நாள் கழித்து அங்கேயே வேறு இடம் வந்தால் இதே மெயில் இழையில் கேட்கலாமா? பணி எண் வேறாக இருக்குமே.

கம்பிவடம்

இதே இழையில் கேளுங்கள், ஆனால் பொருள் வரியைத் தொடாதீர்கள். மாற்றினால் ஜிமெயிலில் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். புது எண்ணை மெயிலின் முதல் வரியில் போட்டுவிடுங்கள்.

கோப்புக்கட்டு

ஆமாம். போர்ட்டலிலும் புதிதாக விண்ணப்பம் போட்டுவிட்டு எழுதுங்கள், அது இல்லாமல் என்னால் உங்கள் பெயரை அந்தப் பணியில் சேர்க்க முடியாது.